கலிம்னோஸ் தீவில் வழிகாட்டியுடன் பாறையேற்ற விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸின் கலிம்னோஸ் தீவுக்குப் பாறை ஏறப் போகிறவர்கள் புறப்படும் முன் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். எதைத் தாண்டிப் போனாலும் கயிறு, முடிச்சு பற்றிய பதில்களை மட்டும் தாண்டாதீர்கள்.

கலிம்னோஸ் எங்கே இருக்கு? அந்தக் கடல்ல எத்தனையோ தீவு இருக்க, ஏன் எல்லாரும் இதையே சொல்றாங்க?

ஏஜியன் கடலின் தென்கிழக்கில், துருக்கிக் கரைக்குப் பக்கத்தில், டொடெகனீஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. பக்கத்துத் தீவு கோஸ். கலிம்னோஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்கடியில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்தவர்கள். ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருந்த அந்தத் தொழிலை, 1986இல் மத்தியதரைக் கடல் பஞ்சுகளைத் தாக்கிய நோய் இன்னும் நொடித்துப் போட்டது. 1996இல் ஆண்ட்ரியா டி பாரி என்ற இத்தாலியப் பாறையேற்றக்காரர் விடுமுறைக்கு வந்தார். மசூரி கிராமத்துக்கு மேலே நிற்கும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்களைப் பார்த்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முதல் போல்ட்களை அடித்தார். போல்ட் என்பது கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் துளையிட்டுப் பொருத்தும் உலோக ஆணி. இன்று தீவில் 3,000க்கும் மேற்பட்ட ஏறும் தடங்கள் இருக்கின்றன.

பெயர் வாங்கித் தந்தது எண்ணிக்கை மட்டும் இல்லை. தங்கும் அறையிலிருந்து பல பாறைகளுக்குப் பத்து, இருபது நிமிட நடைதான். முதல் நாள் ஏறுபவருக்கான சாய்வுப் பாறையும், கிராண்டே குரோட்டா என்னும் பெருங்குகையின் தலைகீழ்க் கூரையும் ஒரே ஊரின் தலைக்கு மேல் இருக்கின்றன. போல்ட்களும் நெருக்கமாகவே அடிக்கப்பட்டிருக்கின்றன. கற்றுக்கொள்ள வருபவருக்கு இது பெரிய விஷயம். விழுந்தாலும் கொஞ்ச தூரம்தான் விழுவீர்கள்.

நான் இதுவரைக்கும் சுவர்கூட ஏறினது இல்லை. போகலாமா, இல்ல முதல்ல ஜிம்முக்குப் போகணுமா?

போகலாம். தொடக்கநிலை வாரங்கள் உங்களை மனத்தில் வைத்துத்தான் நடத்தப்படுகின்றன. மசூரியின் போயட்ஸ், வடக்கே அர்கினோண்டா பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் 4, 5 கிரேடு தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கிரேடு என்றால் என்ன என்பதைக் கீழே விளக்கியிருக்கிறோம். வழிகாட்டி முதலில் ஏறிக் கயிற்றை உச்சியில் மாட்டிவிடுவார். நீங்கள் மேலிருந்து வரும் கயிற்றில் ஏறுவீர்கள். இதை டாப்ரோப் என்பார்கள். கை நழுவினால் கயிறு நீளும் அளவுக்குத்தான் இறங்குவீர்கள்.

ஊரில் செயற்கைச் சுவர் இருந்தால் போவதற்கு முன் நான்கைந்து தடவை போய் வாருங்கள். பலம் சேர்வது அதில் முக்கியம் இல்லை. கயிற்றில் தன்னைக் கட்டிக்கொள்ளும் எட்டு வடிவ முடிச்சும், கீழே நின்று ஏறுபவருக்குக் கயிறு பிடிக்கும் முறையும் கைக்குப் பழகிவிட்டால், தீவில் முதல் நாளை அதற்குச் செலவழிக்காமல் நேராகப் பாறையைத் தொடலாம்.

கையில பலமே இல்லை, புல்-அப் ஒண்ணுகூட வராது. உயரம்னாலும் பயம்.

5 கிரேடு வரைக்கும் புல்-அப் தேவையில்லை. பாறை செங்குத்தைவிடச் சற்றுச் சாய்ந்திருக்கும்போது எடை காலில்தான் இருக்கிறது. புதியவர்கள் சோர்ந்து போவது கையை மடக்கியே தொங்குவதாலும், காலின் நடுப்பகுதியை வைத்து ஏறுவதாலும்தான். கையை நீட்டிப் பிடித்து, பெருவிரல் பக்கத்து ஷூ நுனியால் நின்றால் பாதி சோர்வு குறையும்.

பயத்தைப் பொறுத்தவரை, அதை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்லவராக இருந்தால் ஐந்து மீட்டர் ஏறி, கயிற்றில் உட்கார்ந்து பார்த்து, இறங்கி, பிறகு எட்டு மீட்டர் என்று ஏற்றுவார். கயிறு தன்னைத் தாங்குகிறது என்பதை உடம்பு நம்பும் வரை எந்த அறிவுரையும் வேலை செய்யாது. தாழ்வான இடத்திலேயே பலமுறை உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி.

வழிகாட்டின்னா கூட வந்து பாறையைக் காட்டுறவரா? ஒரு வாரம் எப்படிப் போகும்?

பாறையைக் காட்டுவது அவர் வேலையில் சிறு பங்கு. அன்றைய நிழல், காற்று, குழுவின் நிலை மூன்றையும் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது, முதலில் ஏறிக் கயிறு மாட்டுவது, ஒவ்வொருவரின் முடிச்சையும் ஹார்னஸையும் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை) சோதிப்பது, கயிறு பிடிப்பவரின் கையைக் கவனிப்பது, கற்றுத்தருவது என எல்லாம் அவருடையது. தொடக்கநிலைக் குழுவில் ஒருவருக்கு நான்கு பேர் என்பது நிம்மதியான அளவு. ஆறுக்கு மேல் போனால் காத்திருக்கும் நேரம்தான் அதிகமாகும்.

பொதுவாக ஏழு இரவுகள், ஐந்து ஏறும் நாட்கள், நடுவில் ஓய்வு ஒரு நாள். அந்த ஓய்வு நாளை வீணென்று நினைத்து ரத்து செய்யச் சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் மாலை விரல் தோலும் முன்கையும் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் புரியும். காலை எட்டரை, ஒன்பதுக்குக் கிளம்பி, மதியம் இரண்டு மூன்று மணி வரை ஏறுவது வழக்கம். கட்டணத்தில் வழிகாட்டி, கயிறு, க்விக்டிரா (போல்ட்டில் கயிற்றை மாட்டும் இரட்டைக் கொக்கிப் பட்டை) ஆகியவை பெரும்பாலும் அடங்கும். விமானம், இரவு உணவு, காப்பீடு பெரும்பாலும் அடங்காது. ஷூவும் ஹார்னஸும் தருவார்களா என்பதும், பாறைக்குப் போகும் வண்டிச் செலவு யாருடையது என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அவருக்குத் தகுதி இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்லா ஏறுறவர்னா போதாதா?

போதாது. மிகக் கடினமான 8 கிரேடு ஏறுபவருக்கும் மற்றவரைப் பத்திரமாக ஏற்றத் தெரியாமல் இருக்கலாம். மலை வழிகாட்டிகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. சான்று (பிரெஞ்சு, ஜெர்மன் வழக்கில் யு.ஐ.ஏ.ஜி.எம்., ஐ.வி.பி.வி.) மிக உயர்ந்தது. பனிமலையெல்லாம் அடங்கிய பயிற்சி அது. கலிம்னோஸில் போல்ட் அடித்த தடங்களுக்கு அவ்வளவு வேண்டும் என்பதில்லை. அவரவர் நாட்டின் பாறையேற்றப் பயிற்றுநர் சான்றும் பொருத்தமானதே. ஆனால் அது வெளிப்புறப் பாறைக்கும், லீட் (கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு முதலில் ஏறுவது) கற்பிக்கவும் செல்லுமா என்று கேளுங்கள். உட்புறச் சுவருக்கு மட்டுமான சான்றுகளும் உண்டு.

இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேட்டு விடுங்கள்: சான்றின் பெயரும் அது செல்லும் ஆண்டும், பொறுப்புக் காப்பீடு உண்டா, ஒருவருக்கு எத்தனை பேர், மழை வந்தால் அந்த நாளுக்கு என்ன திட்டம். நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

எந்த மாசம் போகலாம்? எனக்கு ஆகஸ்ட்லதான் லீவு.

அக்டோபர் முதல் இடம். கடலும் இன்னும் நீந்தும் சூட்டில் இருக்கும். அதனாலேயே கூட்டமும் அப்போதுதான், அறைகள் மாதங்களுக்கு முன்பே நிரம்பும். அடுத்தது ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய. மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்கால மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, குகைகளில் வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். வெளியே வெயில் அடித்தாலும் தொங்குபாறைத் தடங்கள் ஈரமாக இருக்கலாம்.

ஆகஸ்டிலும் ஏறலாம், ஆனால் நாள் முழுக்க நிழலைத் துரத்த வேண்டும். மசூரிக்கு மேலேயுள்ள பாறைகள் பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கு பார்த்தவை. அவற்றில் காலையில் நிழல் இருக்கும், நண்பகலுக்குப் பின் வெயில் வந்துவிடும். அதனால் விடியலில் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்து, மாலையில் வேறு திசை பார்த்த பாறைக்குப் போக வேண்டும். கை வியர்த்தால் சுண்ணாம்புப் பாறை வழுக்கும், கிரேடு ஒன்று கூடியதுபோல் இருக்கும். வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று அந்த மாதத்தில் ஓரளவு கைகொடுக்கும்.

எப்படிப் போய்ச் சேர்றது? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விசா?

இரண்டு வழிகள். ஏதென்ஸிலிருந்து கலிம்னோஸுக்கே சிறு விமானம் உண்டு. அதில் இடமும் பெட்டியின் எடையும் குறைவு. மற்றது கோஸ் விமான நிலையத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள மஸ்திஹாரி துறைமுகத்திலிருந்து கப்பலில் கலிம்னோஸின் போத்தியா துறைமுகத்துக்குப் போவது. விரைவுப் படகானால் அரை மணிக்குள், வண்டிகள் ஏற்றும் கப்பலானால் ஒரு மணிக்குள். போத்தியாவிலிருந்து மசூரிக்கு டாக்சியில் கால் மணி நேரம். காற்று மிகும்போது கப்பல்களைப் புறப்பட விடமாட்டார்கள். ஆகவே திரும்பும்போது கப்பலையும் பன்னாட்டு விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். முந்தைய இரவே கோஸுக்கோ ஏதென்ஸுக்கோ வந்துவிடுவது நல்லது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. சேவை மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அந்தக் காப்பீட்டில் உள்ள பொறி பற்றிக் கீழே வரும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம்.

5சி, 6ஏ பிளஸ்னு எழுதியிருக்காங்களே, என்ன கணக்கு?

பிரெஞ்சு முறை. எண் கூடக் கூடக் கடினம். ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஏ, பி, சி என மூன்று படி. 6 முதல் மேலே பிளஸ் என்ற அரைப்படியும் உண்டு. 5ஏ, 5பி, 5சி, 6ஏ, 6ஏ பிளஸ், 6பி என்று போகும். ஒழுங்காக வருபவர் முதல் வாரத்தில் டாப்ரோப்பில் 5 கிரேடுகளைத் தொடுவது இயல்பு.

இந்த எண் முழுத் தடத்தின் கடினத்தைச் சொல்கிறது. ஆபத்தைச் சொல்வதில்லை. முதல் போல்ட் எவ்வளவு உயரத்தில், நடுவில் விழுந்தால் திண்டில் இடிக்குமா என்பதெல்லாம் அதில் இல்லை. செயற்கைச் சுவரில் 6பி ஏறுபவர் இங்கே 5சியிலிருந்து தொடங்கினால் நல்லது. பிடிக்கு வண்ணம் பூசியிருக்காது, தேடி எடுக்க வேண்டும்.

என்னென்ன கொண்டு போகணும்? எல்லாத்தையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?

மசூரியிலும் அடுத்த ஊரான மிர்டீஸிலும் கடைகள் இருக்கின்றன, வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் முடியும். ஆனாலும் ஷூ உங்களுடையதாகவே இருக்கட்டும். விரல்கள் நுனியைத் தொட்டு நேராக இருக்கும் அளவு போதும், விரலை மடக்கி வைக்கும் இறுக்கம் முதல் வாரத்துக்கு வேண்டாம். ஹார்னஸில் இஎன் 12277, ஹெல்மெட்டில் இஎன் 12492 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றோடு மெக்னீசியத்தூள் பை, விரலில் சுற்றும் டேப், பாறைக்குப் போகும் வழிக்கு அடிப்பாகம் உறுதியான செருப்பல்லாத காலணி, தலைக்குத் தொப்பி. குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல. கடையில் வாங்கி ஆளுக்கு இரண்டு லிட்டர் தூக்க வேண்டும்.

ஹெல்மெட் போடாமல் ஏறுபவர்கள் தீவு முழுக்கக் கண்ணில் படுவார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் கழற்றாதீர்கள். பாறை உச்சிகளில் ஆடுகள் மேய்கின்றன. அவற்றின் காலில் பட்ட கல் கீழே வரும்போது அடியில் நிற்பவர், அதாவது கயிறு பிடிப்பவர்தான் இலக்கு. ஏறுபவரைவிட அவருக்கே ஹெல்மெட் அவசரம்.

என்கிட்ட 60 மீட்டர் கயிறு இருக்கு. ஏன் 80 மீட்டர் கேட்கிறாங்க?

இந்தத் தீவில் தடங்கள் நீளம். 25, 30, 35 மீட்டர் சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. உச்சிக்கு ஏறி அங்கிருந்து இறக்கப்படும்போது கயிறு மேலே போய்த் திரும்பி வருகிறது. அதனால் தடத்தின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு வேண்டும். 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டர்தான் கணக்கு, அதிலும் முடிச்சுக்கும் கயிறு பிடிப்பவர் நிற்கும் தூரத்துக்கும் இரண்டு மீட்டர் கழியும். 80 மீட்டர் கயிறு இருந்தால் பெரும்பாலான தடங்கள் அடங்கும். 9.5 மி.மீ. அளவில் அதன் எடை ஐந்து கிலோவுக்கு ஓரளவு குறைவு. பெட்டி எடையில் அதைக் கணக்கில் வையுங்கள்.

கயிறு போதாமல் போனால் நடப்பது இதுதான்: ஏறியவரை இறக்கிக்கொண்டே வரும்போது, அவர் தரைக்கு இன்னும் சில மீட்டர் மேலே இருக்கையில் கயிற்றின் மறுமுனை, கயிறு பிடிப்பவர் அதை ஓடவிடவும் நிறுத்தவும் பயன்படுத்தும் பிலே கருவிக்குள் நழுவி வெளியே போய்விடும். அவர் விழுவார். போல்ட் அடித்த பாறைகளில் உலகெங்கும் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து இது. தடுப்பதற்குப் பத்து நொடி போதும். கயிற்றின் கீழ்முனையில் ஒரு முடிச்சுப் போடுங்கள், அல்லது அதைக் கயிற்றுப்பையில் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடத்திலும், நீளம் தெரிந்த தடத்திலும்கூட. கயிறு பயன்படப் பயன்படச் சற்றுச் சுருங்கும், நைந்த முனையை வெட்டியிருந்தால் நடு அடையாளமும் நடுவில் இருக்காது. ஆகவே பெட்டியில் அச்சடித்த நீளத்தை நம்ப முடியாது.

பாறையில இருக்கிற போல்ட் எல்லாம் நம்பலாமா? கடல் பக்கம் துருப்பிடிக்காதா?

பிடிக்கும். உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்த இடங்களில் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகுகூட வெளியே பளபளப்பாக இருக்கையிலேயே உள்ளுக்குள் விரிசல் விடக்கூடும். பார்வையால் மட்டும் தெரியாது என்பதுதான் இதில் கவலை. அதனால் கலிம்னோஸில் பழைய போல்ட்களை மாற்றும் பணி தொடர்ந்து நடக்கிறது. கடலோரப் பாறைகளில் டைட்டானியம் போல்ட் பயன்படுவதும் இதனால்தான். எந்தப் பாறையில் புதுப்பித்தாயிற்று என்ற விவரத்தை உள்ளூர் வழிகாட்டிகள் கையில் வைத்திருப்பார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை: ஆடும் போல்ட், சுழலும் தகடு, பழுப்பு வழிந்த கறை, உச்சி வளையத்தில் கயிறு அறுத்த பள்ளம். இவற்றில் ஒன்று கண்டால் ஏறுவதை நிறுத்தி வழிகாட்டியிடம் சொல்லுங்கள். உச்சியில் டாப்ரோப் போட்டு ஆளுக்கு ஆள் மாற்றி ஏறும்போது கயிற்றை நிலையான வளையத்தில் ஓடவிடாமல், உங்கள் சொந்த க்விக்டிரா இரண்டில் ஓடவிடுங்கள். கடைசியாக இறங்குபவர் மட்டும் வளையத்தைப் பயன்படுத்தினால் தேய்மானம் பல மடங்கு குறையும். தீவுக்கு விருந்தாளி செய்யக்கூடிய மிகச் சுலபமான உதவி இது.

ஒரே வாரத்துல லீட் ஏறக் கத்துக்கலாமா?

டாப்ரோப்பில் 5சியை நிதானமாக ஏறுபவர், கயிறு பிடிப்பதில் தடுமாறாதவர் என்றால் முடியும். லீட் என்பது கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டிலும் க்விக்டிரா மாட்டி, அதில் கயிற்றைப் போட்டு ஏறுவது. விழுந்தால் கடைசியாக மாட்டிய இடத்துக்கு மேலே இருந்த தூரத்தைப்போல இரண்டு மடங்கும், கயிற்றின் நீட்சியும் சேர்ந்து விழுவீர்கள். முறையாகக் கற்பிப்பவர் முதலில் தரையில் நின்றே கயிறு மாட்டப் பழக்குவார். அடுத்து டாப்ரோப் பாதுகாப்பில் இருந்தபடியே இரண்டாவது கயிற்றை இழுத்துப் பொய் லீட் செய்ய வைப்பார். அதன்பிறகுதான் உங்கள் திறனுக்கு இரண்டு படி கீழே உள்ள தடத்தில் உண்மையான லீட்.

பிழைகள் எப்போதும் நான்கு இடத்தில். கயிறு பாறைப் பக்கத்திலிருந்து வந்து உங்கள் பக்கம் வெளியேற வேண்டும். தலைகீழாக மாட்டினால் விழும்போது தானே கழன்றுவிடலாம். அவசரத்தில் முந்தைய க்விக்டிராவுக்குக் கீழே உள்ள கயிற்றைப் பிடித்து இழுத்து மேலே மாட்டினால் கயிறு மடிந்து இறுகி நகராது. கயிறு காலுக்குப் பின்னால் போனால் விழும்போது உடம்பு தலைகீழாகும். நான்காவது, இரண்டாம் மூன்றாம் போல்ட்டைத் தலைக்கு மேலே எட்டி மாட்டுவது. கையில் இழுத்த தளர்வுக் கயிறு முழுவதும் விழும் தூரத்தில் சேர்ந்துவிடும், தரை வரை வர வாய்ப்புண்டு. போல்ட் இடுப்புக்கு நேராக வரும்வரை ஏறி மாட்டப் பழகுங்கள்.

உச்சிக்குப் போனதும் வளையத்துல கயிறு மாத்தணும்னு சொல்றாங்க. அதுல என்ன பயம்?

கலிம்னோஸில் பல உச்சிகளில் காராபினர் என்னும் திறந்து மாட்டும் உலோகக் கொக்கி இருக்கும். கயிற்றை அதில் போட்டுவிட்டு இறங்கலாம். மூடிய வளையம் மட்டும் இருந்தால் முடிச்சை அவிழ்க்காமல் முடியாது, ஆபத்து அங்கேதான் வருகிறது. முறை இது. ஹார்னஸில் கட்டியிருக்கும் உங்கள் பாதுகாப்புப் பட்டையை உச்சி நங்கூரத்தில் (தடத்தின் முடிவிலுள்ள போல்ட்களும் வளையமும்) மாட்டி எடையை அதில் வையுங்கள். கயிறு பிடிப்பவர் தன் பிடியை விடக்கூடாது. கயிற்றைக் கொஞ்சம் இழுத்து, மடித்த வளைவை உலோக வளையத்துக்குள் நுழையுங்கள். அந்த வளைவில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டுப் பூட்டும் காராபினரால் ஹார்னஸின் முன்பக்கத்துப் பிலே வளையத்தில் மாட்டிப் பூட்டுங்கள். இப்போதுதான் பழைய முடிச்சை அவிழ்த்து, மிச்ச முனையை வளையத்தின் வழியே இழுத்தெடுக்க வேண்டும். பிறகு கீழே இருப்பவரை இறுக்கச் சொல்லி, எடை முழுதும் கயிற்றுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பட்டையைக் கழற்றுங்கள்.

இந்த முறையில் ஒரு நொடிகூட நீங்கள் கயிற்றிலிருந்து விடுபடுவதில்லை. பல உச்சி விபத்துகளுக்குக் காரணம் பேச்சுதான். மேலே இருப்பவர் "ஓகே" என்பார், கீழே இருப்பவர் அதை "பிடியை விடலாம்" என்று எடுத்துக்கொள்வார். 30 மீட்டர் உயரத்தில், காற்றில், பக்கத்துக் குழுவின் சத்தத்தில் எல்லாச் சொல்லும் ஒன்றுபோலவே கேட்கும். ஆகவே கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்: "நான் கயிற்றிலேயே இறங்குவேன், நீ பிடியை விடாதே." சொல்லும்போது பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் 85 கிலோ, என் மனைவி 52 கிலோ. அவங்க எனக்குக் கயிறு பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஆனால் ஏற்பாட்டோடு. நீங்கள் விழும்போது அவர் மேலே தூக்கப்படுவார். முதல் போல்ட்டுக்குக் கீழே இருவரும் மோதிக்கொள்ளலாம், அல்லது பாறையில் அடிபட்டு அவர் கை கயிற்றை விட்டுவிடலாம். முதல் போல்ட்டில் மாட்டி உராய்வைக் கூட்டும் கருவிகள் உண்டு, எடெல்ரிட் ஓம் அந்த வகை. கூடவே, தானாகப் பிடிக்க உதவும் கிரிகிரி போன்ற பிலே கருவி. அப்போதும் கயிற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து கை எடுக்கக் கூடாது. அவர் பாறைக்கு அருகில், முதல் போல்ட்டுக்கு நேர்க்கீழே அல்லாமல் ஓரடி பக்கத்தில் நிற்கட்டும். முதல் இரண்டு நாள் வழிகாட்டி கீழ்க்கயிற்றைப் பின்னால் பிடித்துக்கொண்டு பழக்குவதே சரி.

குகையில தொங்குற கல்லைப் பிடிச்சு ஏறுற படம் பார்த்தேன். அது உடையாதா? நானும் ஏறலாமா?

சுவரோடு ஒட்டிக் குழாய்போல் ஓடுபவற்றை டூஃபா என்பார்கள். சுண்ணாம்பு கரைந்த நீர் வழிந்து வழிந்து படிந்தவை. இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கலாம், நடுவில் முழங்காலை நுழைத்துக் கையை விட்டு ஓய்வெடுக்கலாம். முழங்காலில் ரப்பர் உறை போட்டவர்களை அங்கே பார்ப்பீர்கள். கூரையிலிருந்து தனியாகத் தொங்குபவை உடைந்ததுண்டு. தட்டினால் பொள்ளென்று சத்தம் வருவதிலும், மழைக்குப் பின் ஈரமானதிலும் முழு எடையையும் இழுக்காதீர்கள். கயிறு பிடிப்பவர் அதற்கு நேர்க்கீழே நிற்க வேண்டாம்.

கிராண்டே குரோட்டாவில் தடங்கள் பெரும்பாலும் 7ஏயில் தொடங்குகின்றன. முதல் வாரத்துக்கு அது பார்க்கும் இடம்தான். டூஃபாவை உணர வேண்டுமானால் கோஸ்ட் கிச்சன் போன்ற பாறைகளில் 6 கிரேடுகள் இருக்கின்றன.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

இல்லை. கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாட்களுக்கென்றே இறைச்சியும் பாலும் சேராத சமையல் வளர்ந்திருக்கிறது. "நிஸ்டீசிமோ" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த நோன்பில் கணவாய், இறால் அனுமதி உண்டு, ஆகவே மீன் வகையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய வெள்ளைப் பயறு வேகவைத்த கிகான்டெஸ், மஞ்சள் பருப்புக் கடைசலான ஃபாவா, அவித்த கீரையான ஹோர்டா, காய்கறிகளை அடுப்பில் வாட்டும் பிரியாம் ஆகியவை கிடைக்கும். திராட்சை இலைச் சுருளைச் சைவம் என்று எண்ணி வாங்காதீர்கள். கலிம்னோஸில் அதற்குள் கொத்துக்கறி வைப்பது வழக்கம். பாறையில் மதிய உணவுக்கு ரொட்டி, பழம், கொட்டைகளை முந்தைய நாளே வாங்கி வைக்கவும்.

ஸ்கூட்டர் எடுத்துக்கலாமா?

மசூரியைச் சுற்றியுள்ள பாறைகளுக்கு நடந்தே போகலாம். அர்கினோண்டா போன்ற தூரப் பாறைகளுக்குத்தான் வண்டி வேண்டும். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும், அதில் இரு சக்கர வண்டிப் பிரிவும் இருக்க வேண்டும். உங்கள் ஊர் போக்குவரத்து அலுவலகத்திலேயே அது கிடைக்கும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், வளைவுகளில் மணலும் ஆடும் இருக்கும். பாறையில் நாள் முழுக்கக் கவனமாக இருந்துவிட்டு, ஹெல்மெட் இல்லாமல் அரைக்கால் சட்டையோடு ஸ்கூட்டரில் விழுந்து விடுமுறையை முடித்துக்கொள்பவர்கள் நிறைய. பழக்கம் இல்லாதவர்கள் டாக்சியைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு எடுத்த காப்பீடே போதுமே?

இதுதான் மேலே சொன்ன பொறி. 30,000 யூரோ காப்பீடு தூதரகத்தைத் திருப்திப்படுத்தும். ஆனால் பல பயணக் காப்பீடுகளில் "சாகச விளையாட்டு" என்ற தலைப்பில் பாறையேற்றம் விலக்கப்பட்டிருக்கும். சில, வழிகாட்டியுடன் ஏறினால் மட்டும் ஏற்கும். சில, உயர வரம்பு வைக்கும். கயிறும் வழிகாட்டியும் உள்ள பாறையேற்றம், மீட்புச் செலவு, வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றும் செலவு மூன்றும் அடங்குமா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். போத்தியாவில் மருத்துவமனை இருக்கிறது. கடுமையான காயம் என்றால் பெரிய தீவுக்கோ ஏதென்ஸுக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கும், பணம் கரைவது அதில்தான். அவசர எண் 112. அழைக்கும்போது பாறையின் பெயரையே சொல்லுங்கள், உள்ளூரில் அந்தப் பெயர்கள் தெரியும்.

டெலெண்டோஸ்ல பல கட்டமா நீளமா ஏறுற தடம் இருக்காமே. வாரக் கடைசியில அதுக்குப் போகலாமா?

மிர்டீஸ் கரையிலிருந்து பார்த்தால் எதிரே நிற்கும் மலைத்தீவு டெலெண்டோஸ். படகில் பத்து நிமிடம். அங்கே இருநூறு மீட்டருக்கு மேல் நீளும் பலகட்டத் தடங்கள் உண்டு. இவற்றில் கீழே இறக்கிவிட ஆள் இருக்காது. கட்டம் கட்டமாக நங்கூரம் போட்டு, கடைசியில் கயிற்றில் தானே இறங்கவோ நடந்திறங்கவோ வேண்டும். வழிகாட்டி ஒருவருக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. நான்கு பேர் குழுவுக்கான கட்டணத்தில் இது அடங்காது என்பது இதனால்தான்.

5 கிரேடில் ஒரே நாளில் ஆறேழு தடம் ஏறியும் தெம்பாக இருப்பவர், உச்சியில் பட்டையை மாட்டிக் காத்திருக்கத் தெரிந்தவர் போகலாம். தண்ணீர், காற்றுத் தடுப்புச் சட்டை, தலைவிளக்கு கூடவே இருக்க வேண்டும். கடைசிப் படகின் நேரத்தைக் காலையில் படகுக்காரரிடமே கேட்டு வையுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும்.

வழிகாட்டியே "நீ ஏறலாம்"னு சொல்றார், எனக்கு மனசு வரலை. மறுத்தா தப்பா?

தப்பில்லை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தயக்கம் எதைப் பற்றியது என்று சொன்னால் அவரால் சரிசெய்ய முடியும். உயரமா, கயிறு பிடிப்பவரை நம்பவில்லையா, ஷூ வலிக்கிறதா, தோல் உரிந்துவிட்டதா? இதில் இரண்டாவதுதான் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவர் கயிறு பிடிக்கும்போது பேசிக்கொண்டோ கைபேசியைப் பார்த்துக்கொண்டோ இருந்தால், ஆளை மாற்றச் சொல்வது உங்கள் உரிமை.

இதன் மறுபக்கமும் உண்டு. வழிகாட்டி உங்கள் முடிச்சைச் சோதித்துவிட்டார் என்பதற்காக நீங்கள் பார்க்காமல் இருக்கக் கூடாது. அவருக்கும் பிற்பகலில் கவனம் சிதறும். ஒவ்வொரு தடவையும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும்: முடிச்சு, ஹார்னஸ் கொக்கி, பிலே கருவியில் கயிற்றின் திசை, காராபினர் பூட்டு, கயிற்றின் கீழ்முனை முடிச்சு.

வாரம் முடிஞ்சதும் ரெண்டு நாள் கூடத் தங்கி நாங்களே ஏறலாமா?

இருவரும் கீழ்க்கண்டவற்றை வழிகாட்டி பக்கத்தில் நின்று பேசாமல் பார்க்க, உதவியின்றிச் செய்து காட்டியிருந்தால் ஏறலாம்: லீட் ஏறுபவருக்குக் கயிறு பிடித்து உண்மையான விழுதலைத் தாங்குவது, மேலே சொன்ன உச்சி மாற்றம், ஏற முடியாத தடத்திலிருந்து பாதியில் இறங்குவது. மூன்றாவதைப் பலர் கற்காமலே கிளம்புகிறார்கள். அதற்குப் பழைய, இழந்தாலும் பரவாயில்லாத காராபினர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். மாட்டிக்கொண்ட போல்ட்டில் அதைப் போட்டுவிட்டு இறங்கி, அங்கேயே விட்டுவிட வேண்டும். காராபினரை மிச்சம் பிடிப்பதற்காகக் கயிற்றை நேரடியாகப் போல்ட் தகட்டில் போட்டு இறங்காதீர்கள். தகட்டின் விளிம்பு கயிற்றை அறுக்கும்.

தடங்களை வாரம் முடியுமுன்பே வழிகாட்டியிடம் கேட்டு, நீளத்தோடும் நிழல் நேரத்தோடும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே டாப்ரோப்பில் ஏறிய தடங்களே முதல் தேர்வாக இருக்கட்டும். எந்தப் பாறைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.